மறு: ‘பரண் அலைவாங்கி’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஸ்கேனர் ரேடியோ (பல அலைவரிசைகளை மாறிமாறித் தேடிக் கேட்கும் வானொலி) கையேட்டின் 4ஆம் பிரிவில், கூரைக்குள் கட்டும் ஆண்டெனாவுக்குப் ‘பரண் அலைவாங்கி’ என்று போட்டிருக்கிறோம். ‘அலைவாங்கி’ இருக்கட்டும். ஸ்கேனர் அலையை வாங்குமே தவிர அனுப்பாது, அதனால் அந்தச் சொல் இங்கே கச்சிதம். எனக்கு உறுத்துவது ‘பரண்’.

மதுரையில் பரண் என்றால் அடுப்படியிலோ படுக்கையறையிலோ 7 அடி உயரத்தில் காங்கிரீட்டில் வார்த்த தட்டு. பித்தளை அண்டாவும் கொலுப்பெட்டியும் கிடக்கும் இடம். அதற்கு மேல் 3 அடியில் தளம்; தளத்துக்குள் ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி. பொழுதுபோக்கு வானொலியர் பேசும் 145 மெகாஹெர்ட்ஸ் ஹாம் அலையின் நீளம் 2 மீட்டருக்குச் சற்று மேல். அந்த அலைக்கு இந்தக் கம்பிவலை கிட்டத்தட்ட தகரச் சுவர்தான். கையேட்டை நம்பி ஒருவர் அண்டாவுக்குப் பக்கத்தில் கட்டிவிட்டு, ஸ்கேனர் கெட்டுப்போனதென்று நினைப்பார். நாம் போட்ட சொல்தான் அவரை அங்கே ஏற்றியது.

நாம் சொல்லவருவது வேறு இடம்: சாய்வுக் கூரைக்கும் அதன் கீழுள்ள பலகைத் தளத்துக்கும் நடுவே இருக்கும் முக்கோண வெளி. பழைய ஓட்டு வீடுகளில் அதற்கு மச்சு என்று பெயரே உண்டு. ஆகவே ‘மச்சு அலைவாங்கி’ என்று முன்மொழிகிறேன்.

இடம் தெளிவானால் செய்முறையையும் திருத்தவேண்டும். நடுவில் ஒரு கம்பி செங்குத்தாக நிற்க, நான்கு கம்பிகள் கீழே சாயும் அமைப்பு இது. கால் அலைநீளத்துக்கு 7500-ஐ 145-ஆல் வகுத்தால் 51.7 செ.மீ.; அதில் 5 விழுக்காடு கழித்தால் நடுக்கம்பி 49 செ.மீ. கீழே சாயும் நான்கு கம்பிகளும் 52 செ.மீ. (இவற்றை ‘விரிகால்’ என்றே வைப்போம். ‘தரைக்கம்பி’ என்றால் எர்த் என்று எண்ணித் தண்ணீர்க் குழாயில் கட்டிவிடுவார்கள்.) 3 மி.மீ. பித்தளைக் கம்பி போதும். கேபிள் மாட்டும் எஸ்.ஓ. 239 சாக்கெட்டின் நடு முனையில் 49 செ.மீ. கம்பியை ஈயம் வைத்துப் பற்றவைக்கவேண்டும். விரிகால்களின் நுனியை வளையமாக மடித்து, சாக்கெட்டின் நான்கு மூலைத் துளைகளில் திருகால் முடுக்கி, 45 பாகை கீழே இறக்கவேண்டும். விரிகால்களைப் படுக்கையாக விட்டால் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) 36 ஓம் பக்கம் நிற்கும். இறக்கினால் ஸ்கேனருக்குப் பொருந்தும் 50 ஓமை ஒட்டி வரும். மொத்த உயரம் 86 செ.மீ. கம்பி நுனி ஓடுகளையோ அவற்றைத் தாங்கும் ரீப்பர் சட்டங்களையோ தொடாமல் ஒரு சாணாவது விலகி நிற்கட்டும். முகட்டு உத்திரத்திலிருந்து நைலான் கயிற்றில், நடுக்கம்பி செங்குத்தாக இருக்கும்படி தொங்கவிடலாம். நடுக்கம்பியைப் படுக்கவைத்தால், செங்குத்தாக அதிர்ந்து வரும் அலையின் பெரும்பகுதி போய்விடும்.

கேபிளுக்கு டிஷ்ஷுக்குப் போடும் ஆர்.ஜி. 6 நல்லது. 75 ஓம் என்று தயங்கவேண்டாம். அந்தப் பொருத்தமின்மையால் அலையின் வலிமையில் போவது 0.2 டெசிபல்கூட இல்லை. மெல்லிய ஆர்.ஜி. 58 போட்டால் 10 மீட்டருக்கு 2 டெசிபல் அளவுக்குத் தின்னும். ஆனால் ஆர்.ஜி. 6-இன் அலுமினியப் பின்னலில் ஈயம் ஒட்டாது. நெரித்துப் பொருத்தும் எஃப் கனெக்டரும், அதைச் சாக்கெட்டில் மாட்ட ஒரு மாற்றியும் வேண்டும். எலியும் அணிலும் உறையைக் கொறிக்கும், ஆகவே கேபிளை முக்கால் இஞ்ச் பி.வி.சி. குழாய்க்குள் விட்டு இறக்கவேண்டும்.

ஓட்டுக்கு அடியில் வெப்பம் தடுக்கப் பளபளக்கும் அலுமினியத் தாள் விரித்திருந்தால் அந்த வீட்டில் இந்த வேலையே வேண்டாம். கைமரத்துக்குப் பதில் இரும்புக் குழாய் போட்டிருந்தால் அதிலிருந்து அரை மீட்டர் தள்ளவேண்டும். எல்.இ.டி. விளக்குக்கு மின்சாரம் தரும் டிரைவர் சுற்றால் ஸ்கேனரில் இரைச்சல் வரலாம். அதை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஐப்பசி மழையில் ஓடு நனைந்தால் ஓசை கொஞ்சம் மங்கும், காய்ந்ததும் திரும்பும். பல அலைவரிசைகளில் ஒரே பாட்டுக் கேட்டால், கொடைக்கானல் 100.5 போன்ற வலுத்த எஃப்.எம். நிலையம் ஸ்கேனரைத் திணறடிக்கிறது என்று பொருள். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் வடிகட்டியை ஸ்கேனருக்கு முன்னால் மாட்டவேண்டும்.

– செல்லூரிலிருந்து

அக்கா, வணக்கம். பரணை எடுத்துவிடுவது சரி. ஆனால் மச்சும் வழுக்குகிறது. ‘மச்சு வீடு’ என்றால் மாடி வீடு என்றுதான் பலர் எடுத்துக்கொள்வார்கள். மச்சில் கட்டு என்றால் மாடியறையில் கட்டுவார்கள், தலைக்கு மேல் அதே கம்பிவலை. ‘ஓட்டடி அலைவாங்கி’ என்றால் என்ன? ஓட்டுக்கு அடியில் என்பது பட்டென்று தெரிகிறதே.

– மேலூரிலிருந்து

தம்பி, மச்சை விட்டுவிடுகிறேன், நீங்கள் சொன்ன ஆபத்து உண்மை. ‘ஓட்டடி’யைத் தட்டச்சும்போது முதல் நெடில் குறிலானால் ஒட்டடை பக்கம் போய்விடும், காதிலும் அப்படித்தான் விழுகிறது. உங்கள் ‘அடி’யை வைத்துக்கொண்டு ‘முகட்டடி அலைவாங்கி’ என்போமா? முகடு கூரையின் உச்சி. கம்பி நிற்கவேண்டியதும் அங்கேதான், அந்த வெளியில் உயரம் அதிகம் கிடைப்பது அங்கே மட்டும்தான். தட்டைத் தளம் போட்ட வீட்டுக்காரர் அண்ணாந்து பார்ப்பார், முகடே இல்லை என்று தெரிந்து, மொட்டை மாடிக் கம்பம் பற்றிய 5ஆம் பிரிவுக்குப் போய்விடுவார். தகரக் கூரைக்கும் முகடு உண்டு என்பதால் விளக்கத்தில் ‘ஓட்டுக் கூரை’ என்று சேர்க்கவேண்டும். சொற்பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

முகட்டடி அலைவாங்கி: ஓட்டுக் கூரையின் முகட்டுக்கு அடியில், உலோகத்திலிருந்து விலக்கிச் செங்குத்தாகத் தொங்கவிடும் ஆண்டெனா. தகரக் கூரைக்கும் காங்கிரீட் பரணுக்கும் ஆகாது.

– செல்லூரிலிருந்து