ஒன்ராறியோவின் ஏரிக்காடுகளில் வாகனத் தொல்லையின்றிச் சைக்கிள் ஓட்டுவது: புதிதாகக் குடியேறியவர்களுக்கு

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் குடியேறி முதல் கோடையைச் சந்திக்கும் நம்மவர்கள் பலர், ஆசையோடு சைக்கிள் வாங்கிவிட்டு, ஆறு தடச் சாலைகளில் லாரிகளின் அருகே ஓட்ட அஞ்சி அதைக் கராஜிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் ரொறன்ரோவிலிருந்து இரண்டு மூன்று மணி நேரப் பயணத் தொலைவில், காடுகளுக்கும் ஏரிகளுக்கும் நடுவே, கார்களே நுழைய முடியாத சரளைப் பாதைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கின்றன. அவற்றுள் எதில் தொடங்குவது, எதைத் தவிர்ப்பது என்பதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

இப்பாதைகளில் பெரும்பாலானவை கைவிடப்பட்ட ரயில் தடங்கள். பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில் மரத்தையும் கனிமங்களையும் வெளியே கொண்டுவரக் காட்டுக்குள் போடப்பட்ட தண்டவாளங்கள் பின்னர் பெயர்த்தெடுக்கப்பட்டு, அவற்றின் மண்மேடுகள் பொதுப் பாதைகளாக மாற்றப்பட்டன. நீராவி இயந்திரங்களால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால், நூறு மீட்டர் தூரத்துக்கு இரண்டு மீட்டருக்கு மேல் ஏற்றம் அமைவது அரிது; கடினமான கருங்கற்பாறைகளைக் குடைவதைக் காட்டிலும் ஏரிக்கரையைச் சுற்றிப் போவது மலிவு என்பதால், தடங்கள் நீர்நிலைகளை ஒட்டியே வளைந்து செல்கின்றன. ஆகவே பல ஆண்டுகள் சைக்கிளைத் தொடாதவரும், பத்து வயதுக் குழந்தையும், அறுபது வயதுப் பெற்றோரும் ஒன்றாகச் செல்லக்கூடிய பாதைகள் இவை.

ஆனால் கார் இல்லாத பாதை என்றால் இயந்திர வண்டியே இல்லாத பாதை என்று பொருளல்ல. ஏ.டி.வி. எனப்படும் நான்கு சக்கரக் காட்டு வண்டிகளுக்குப் பல ரயில் தடங்களில் அனுமதி உண்டு. அவை எழுப்பும் புழுதியும், அவற்றின் சக்கரங்கள் தோண்டிவிடும் மணலும் புதியவர்களுக்குப் பெருந்தொல்லை. எனவே எந்தப் பாதைக்குப் புறப்படுமுன்னும் அதை நிர்வகிக்கும் நகராட்சி அல்லது இயற்கை வளப் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் ஏ.டி.வி.க்கு அனுமதி உள்ளதா என்பதையே முதலில் பாருங்கள். தூரத்தையும் படங்களையும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பயணத்துக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது பீற்றர்பரோவிலிருந்து ஒமிமீ வழியாக லின்ட்சே நோக்கிச் செல்லும், டிரான்ஸ் கனடா பாதை எனப்படும் நாடு தழுவிய நடை, சைக்கிள் பாதையின் பகுதியைத்தான். கவார்த்தா ஏரிகள் நகராட்சிக்குள் இப்பாதை ஏறத்தாழ 44 கிலோமீட்டர் நீள்கிறது, ஏ.டி.வி.க்கு அனுமதியில்லை. பீற்றர்பரோவின் ஜாக்சன் பூங்காவில் தொடங்கி ஓடையோரமாகக் காட்டுக்குள் நுழையும் பாதை, டவ்ப்ஸ் பாலம் என்ற உயரமான பழைய ரயில் பாலத்தின் மேல் ஏறும்போது பள்ளத்தாக்கு முழுவதும் கண்முன் விரிகிறது. இலையுதிர்காலத்தில் மேப்பிள் மரங்கள் சிவக்கும் நாட்களில் அங்கே சற்று நேரம் நின்று பார்க்காமல் கடந்துவிடாதீர்கள். பாதையின் மேற்பரப்பு நன்கு இறுகிய சுண்ணாம்புக்கல் துகள் என்பதால் சக்கரம் புதைவதில்லை. ஒமிமீ வரை சென்று திரும்பினாலே ஒரு நாளுக்குப் போதுமானது.

இன்னும் கார் வாங்காதவர்களுக்கும் இதுவே ஏற்றது. ரொறன்ரோவையும் சுற்றுப்புற நகரங்களையும் இணைக்கும் பொதுப் போக்குவரத்துச் சேவையான கோ (GO)வின் பேருந்து, ஒஷாவா கோ நிலையத்திலிருந்து பீற்றர்பரோவுக்குச் செல்கிறது. பெரும்பாலான கோ பேருந்துகளின் முகப்பில் இரண்டு சைக்கிள்களை வைக்கும் தாங்கி இருக்கும். இரண்டே இடங்கள் என்பதால் குடும்பமாகச் செல்வோருக்கு இது உதவாது. நண்பர் ஒருவருடன் செல்வோருக்கு உதவும். கோ ரயிலில் வார இறுதி நாட்களில் சைக்கிளை ஏற்றலாம். வேலை நாட்களின் நெரிசல் நேரங்களில் யூனியன் நிலையத்துக்கு வரும் ரயில்களிலும் அங்கிருந்து புறப்படும் ரயில்களிலும் சாதாரண சைக்கிளுக்கு அனுமதியில்லை. திரும்பும் பேருந்தின் நேரத்தைப் புறப்படுமுன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

சிறிது பழகிய பின்னர், கிங்ஸ்டனுக்கு வடக்கே உள்ள கட்டராக்வி பாதைக்குச் செல்லலாம். ஸ்மித்ஸ் ஃபால்ஸிலிருந்து நாபனீக்கு அருகே வரை 104 கிலோமீட்டர் செல்லும் இப்பாதை, யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமான ஃப்ரொன்டெனாக் வளைவின் ஊடாகப் போகிறது. என் கணிப்பில் தென் ஒன்ராறியோவின் மிக அழகான பகுதி, சிடன்ஹாமுக்கும் சேஃபீஸ் லாக்குக்கும் இடைப்பட்டது: இருபுறமும் ஏரி, நடுவே ஒற்றை மண்மேடு, அதற்கப்பால் பாறையும் பைனும். அங்கே தடம் கரடுமுரடானது. பழைய ரயில் ஜல்லி பல இடங்களில் அப்படியே கிடக்கிறது. நீர்நாய்கள் போல் தோன்றும் பீவர்கள் அணை கட்டினால் சில இடங்கள் நீரில் மூழ்குவதும் உண்டு. சேஃபீஸ் லாக், 1832இல் கட்டி முடிக்கப்பட்டு 2007இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ரிடோ கால்வாயின் மதகுகளில், அதாவது நீர்மட்டத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் படகுகளைக் கடத்தும் அடைப்புகளில், ஒன்று. படகுகள் மதகில் ஏறி இறங்குவதைக் குழந்தைகள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சிறு குழந்தைகளோடு முகாமிட விரும்புவோருக்கு அல்கொன்குயின் பூங்காவின் பழைய ரயில் சைக்கிள் பாதை பொருத்தமானது. மரவணிகர் ஜே. ஆர். பூத் 1890களில் அமைத்த ரயில் தடத்தின் மீது, கேஷ் ஏரியிலிருந்து ராக் ஏரிப் பக்கமாக முகாம்களை இணைத்தபடி அது செல்கிறது. பூங்காவுக்கான நாள் அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் பெற்றுவிடுங்கள், ஏனெனில் இலையுதிர்கால வார இறுதிகளில் அது விரைவில் தீர்ந்துவிடும். கின்மவுன்டிலிருந்து ஹாலிபர்ட்டன் வரை செல்லும் தடமும் அழகானதுதான். ஆயினும் அங்கு ஏ.டி.வி. ஓடுவதால் முதலாண்டில் வேண்டாம்.

இதற்கென, சரளைப் பாதைக்கென்றே செய்யப்படும் விலையுயர்ந்த கிராவல் சைக்கிள் வாங்க வேண்டியதில்லை. 38 முதல் 45 மில்லிமீட்டர் அகல டயர் பொருந்தும் பழைய ஹைபிரிட் (சாலைக்கும் மண்பாதைக்கும் பொதுவான) சைக்கிள் ஒன்றே போதும். நடுத்தர எடையுள்ளவர் 40 மில்லிமீட்டர் டயரில் 35 முதல் 45 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) வரை காற்று வைத்தால் அதிர்வு வெகுவாகக் குறையும். சாலைக்கு அடிப்பதுபோல் இறுக அடித்தால் கைகள் மரத்துப்போகும். மிச்சமாகும் பணத்தில் உபரி டியூப், கைப்பம்பு, நல்ல தலைக்கவசம் ஆகியவற்றை வாங்குங்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சாலையில் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். பெரியவர்களும் அணியுங்கள் என்பது என் வேண்டுகோள். பாதையில் பல கிலோமீட்டருக்குக் கடை இருக்காது, கைபேசிச் சமிக்ஞையும் விட்டுவிட்டே கிடைக்கும். குடிநீரைச் சுமந்து செல்லுங்கள். ஏரிநீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது. ஒவ்வொரு சாலைக் குறுக்கீட்டிலும் அச்சாலையின் பெயரைக் கவனித்து வைத்தால், 911க்கு அழைக்க நேர்ந்தால் இருப்பிடத்தைச் சொல்ல முடியும்.

நம்மவர்கள் அதிகம் அறியாத ஆபத்து உண்ணி. கரடியைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். உண்ணியைப் பற்றிக் கேட்பவர்கள் மிகச் சிலரே. கிழக்கு ஒன்ராறியோவின் புல்வெளிகளில் உள்ள கருங்கால் உண்ணிகள் லைம் நோய் என்ற பாக்டீரியாத் தொற்றைப் பரப்புகின்றன. வெப்பநிலை 4 பாகை செல்சியஸுக்கு மேல் இருந்தாலே அவை நடமாடும். பாதையோரப் புல்லில் உட்காராதீர்கள். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி, குழந்தைகளின் காதோரம் எல்லாவற்றையும் சோதியுங்கள். கடித்திருந்தால், மெல்லிய முனையுள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். எண்ணெயோ தீக்குச்சியோ வேண்டாம். உண்ணி ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தது என ஐயமிருந்தால், அகற்றிய 72 மணி நேரத்துக்குள் மருந்தகத்துக்குச் செல்லுங்கள். 2023 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் மருந்தாளுநரே தகுதியானவர்களுக்குத் தடுப்பு மருந்தைப் பரிந்துரைக்கலாம் என்பதால், குடும்ப மருத்துவர் இன்னும் அமையாதவர்கள் அலைய வேண்டியதில்லை.

மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் வரை கறுப்பு ஈக்களின் கடி கடுமையாக இருக்கும். ஜூனில் ஆமைகள் இப்பாதைகளின் சரளையைத் தோண்டி முட்டையிடும் என்பதால் மெதுவாகச் சென்று அவற்றுக்கு வழிவிடுங்கள். செப்டெம்பரும் அக்டோபரின் முதற்பாதியுமே மிகச் சிறந்த காலம். நவம்பரில் மான் வேட்டைப் பருவம் வருவதால் செம்மஞ்சள் மேலாடை இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். பனி விழுந்த பின்னர் பல தடங்கள் பனியில் ஓடும் இயந்திர வண்டிகளான ஸ்னோமொபைல்களுக்கு உரியவையாகிவிடும். பனி உருகும் ஏப்ரலில் ஈரமண்ணில் ஓட்டினால் ஆழமான கீறல்கள் விழுந்து பாதையே கெட்டுவிடும் என்பதால், தரை காயும்வரை காத்திருங்கள்.