இயற்பியல் மாணவனுக்குத் தோற்பாவைக் கூத்து எதற்கு?

உசிலைப் பையன்:
எங்கள் கல்லூரியில் முதுகலை அறிவியல் மாணவர்கள் எல்லோரும் ஒரு பருவம் தோற்பாவைக் கூத்து போன்ற நாட்டார் கலைப் பாடம் படிக்க வேண்டும் என்று பேச்சு அடிபடுகிறது. நான் எதிர்க்கிறேன். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு தலைக்கு மேல் இருக்கிறது. ஆய்வகம் முடிந்து பஸ் பிடித்து ஊர் போய்ச் சேரவே இருட்டிவிடுகிறது. என் அப்பத்தா கும்மிப் பாட்டில் கைதேர்ந்தவர். எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்கப் பாடத்திட்டம் எதற்கு?

நாகமலை:
தம்பி, அப்பத்தாவின் பாட்டையும் அறிவு என்று வகுப்பறை ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்குத்தான். 1966-இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் தெ.பொ.மீனாட்சிசுந்தரனார், அடுத்தவர் மு.வரதராசனார். இருவருமே தமிழறிஞர்கள். அங்கேதான் உயிரியல் துறைகளும் பேர் வாங்கின. தொ.பரமசிவன் அழகர் கோயிலை ஆராய்ந்தபோது கல்வெட்டோடு நிற்கவில்லை. கள்ளர், இடையர், வலையர் முதலான மக்களுக்கும் கோயிலுக்கும் உள்ள உறவையும், அழகரைப் பற்றி மக்கள் பாடும் வர்ணிப்புப் பாடல்களையும் சேர்த்தே எழுதினார். அந்த ஆய்வைப் பல்கலைக்கழகமே நூலாக்கியது.

உசிலைப் பையன்:
ஐயா, அவர் தமிழ் ஆய்வாளர். நான் ஒளியியல் படிக்கிறேன்.

மரபணு அக்கா:
ஒளியியலா? அப்படியென்றால் தோற்பாவைக் கூத்துத் திரைக்குப் பின்னால் ஒருமுறை போய் நில்லுங்கள். தோலைச் சுரண்டி மெலிதாக்கி, பொட்டுப் பொட்டாகத் துளையிட்டு, சாயம் ஏற்றியிருப்பார்கள். பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் விளிம்பு கூர்மையாக விழும். விளக்குப் பக்கம் இழுத்தால் உருவம் பெருத்து ஓரம் மங்கும். நிழலின் ஓரத்து மங்கலைப் புறநிழல் என்று கரும்பலகையில் வரைந்து படித்தவள் நான். அங்கேதான் கண்ணால் கண்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில்தான் மரபணு ஆய்வாளர் பிச்சப்பன் குழுவினர் எம்130 என்ற பழமையான மரபணு அடையாளத்தைக் கண்டார்கள். ஊராரிடம் உட்கார்ந்து பேசி, யார் யாருக்கு என்ன முறை என்று விளங்கிக்கொள்ளாமல் அப்படிப்பட்ட ஆய்வு நடக்காது. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகை ஈமக்காட்டு எலும்புகளை ஆராயும் மரபணுத் துறைக்கும் தொல்லியல் தெரிந்தவர்களின் துணை வேண்டும்.

உசிலைப் பையன்:
அக்கா, நிழல் விஷயம் எனக்குப் புதிது, பார்க்க வருகிறேன். ஆனால் கட்டாயம் என்றதும் என்ன நடக்கும்? பாவையைத் தொடாமலேயே 'தோற்பாவைக் கூத்தின் வகைகள்' என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்வோம். கலைக்கும் கேடு, எங்களுக்கும் சுமை.

விடுதி மாணவி:
நிகழ்ச்சியெல்லாம் இரவில் வைக்கிறார்கள். எங்கள் விடுதிக் கதவு அதற்கு முன்பே பூட்டிவிடும். பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் இல்லை, எங்களுக்கும் இல்லை. பிறகு யாருக்காக?

நாகமலை:
நியாயம். பகலில் வைக்கட்டும், எழுத்துத் தேர்வும் வேண்டாம். ஆனால் விருப்பப் பாடமாக்கினால் ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்கள் மட்டுமே வருவார்கள். ஒளியியல் வகுப்பிலிருந்து ஒருவரும் வரமாட்டார். கட்டாயத்தை நான் விடமாட்டேன்.

உசிலைப் பையன்:
நானும் விடமாட்டேன் ஐயா. கூத்துக் கலைஞரையே சம்பளம் கொடுத்து ஆசிரியராக அமர்த்துவார்களா என்று முதலில் கேட்டுச் சொல்லுங்கள். அதற்கு ஒப்புக்கொண்டால் மேற்கொண்டு பேசலாம்.