இணையம் பிறந்த ஆண்டு எது?

கேள்வி:
வணக்கம். இணையத்தின் வரலாறு குறித்துக் கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன். பிறந்த ஆண்டு 1969 என்று சிலரும், 1983 என்று சிலரும், 1991 என்று வேறு சிலரும் குறிப்பிடுகிறார்கள். அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பிறகும் இயங்க வேண்டும் என்பதற்காகவே இது உருவாக்கப்பட்டதாகவும் படித்தேன். எதை ஏற்பது?

பதில் 1:
அணுகுண்டுக் கதையை முதலில் ஒதுக்கிவையுங்கள். ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தில் பால் பாரன் 1960களின் தொடக்கத்தில் அத்தகைய வலையமைப்பை ஆராய்ந்தது உண்மைதான். ஆனால் இணையத்துக்கு முன்னோடியான அர்ப்பாநெட் என்ற அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கணினி வலையமைப்பைத் தொடங்கிவைத்த பாப் டெய்லரின் கவலை வேறு. பென்டகனில் அவருடைய அலுவலகத்தில் மூன்று முனையங்கள் இருந்தன; ஒவ்வொன்றும் வெவ்வேறு ஊரிலிருந்த ஒரு கணினியோடு மட்டுமே பேசும், கட்டளைகளும் வெவ்வேறு. இந்த அலைச்சலைத் தவிர்ப்பதும், விலை மிகுந்த கணினிகளை ஆய்வாளர்கள் பகிர்ந்துகொள்ளச் செய்வதுமே நோக்கம்.

1969 அக்டோபர் 29 அன்று இரவு, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தின் கணினிக்குள் நுழைய, மாணவர் சார்லி க்ளைன் 'லாகின்' என்று தட்டத் தொடங்கினார். எல், ஓ என்ற இரண்டு எழுத்துகள் சேர்ந்ததுமே மறுமுனைக் கணினி படுத்துவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே உள்ளே நுழைய முடிந்தது. இப்படியொரு பிறப்பு வாய்த்திருக்கும்போது 1969 என்றே எழுதலாம்.

பதில் 2:
காட்சி சுவையானது என்பதற்காக ஆண்டை ஒப்புக்கொள்ள இயலாது. அர்ப்பாநெட் ஒரே ஒரு வலையமைப்பு; இணையம் என்பதோ வலையமைப்புகளின் இணைப்பு. அர்ப்பாநெட்டின் பழைய நெறிமுறையான (கணினிகள் தகவல் பரிமாறும் விதிகளான) என்.சி.பி., பொதிகளை, அதாவது தகவலைப் பிரித்து அனுப்பும் சிறு துண்டுகளை, பத்திரமாகச் சேர்ப்பது வலையமைப்பின் பொறுப்பு என்று நம்பியிருந்தது. வானொலியிலும் செயற்கைக்கோளிலும் போகும் பொதிகள் வழியில் தொலையக்கூடும் என்பதால், அங்கே அந்த நம்பிக்கை செல்லாது. விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974இல் வெளியிட்ட கட்டுரை, அந்தப் பொறுப்பை இரு முனைகளிலும் உள்ள கணினிகளிடம் ஒப்படைத்தது: பொதி வந்து சேரவில்லையென்றால் அனுப்பிய கணினியே மீண்டும் அனுப்ப வேண்டும். (பிரான்சில் லூயி பூசான் இதே வழியில் முன்பே நடந்தவர், அவர் பெயரைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.) 1977 நவம்பர் 22 அன்று, கலிபோர்னியாவில் சாலையில் ஓடிய ஒரு வேனிலிருந்து கிளம்பிய பொதிகள், வானொலி, அர்ப்பாநெட், செயற்கைக்கோள் ஆகிய மூன்று வலையமைப்புகளையும் கடந்து, ஐரோப்பா வரை போய்த் திரும்பி, லாஸ் ஏஞ்சலிஸை அடைந்தன. அர்ப்பாநெட் முழுவதும், அந்தக் கட்டுரையிலிருந்து வளர்ந்த டி.சி.பி./ஐ.பி. நெறிமுறைக்கு மாறக் குறிக்கப்பட்ட நாள் 1983 ஜனவரி 1. என் வாக்கு அதற்கே.

கேள்வி கேட்டவர்:
அப்படியென்றால் 1991?

பதில் 3:
அது வையவலை (www) பொதுமக்களுக்கு அறிமுகமான ஆண்டு. ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய அந்த வலை, இணையத்தின் மேல் ஓடும் சேவைகளுள் ஒன்று. ரே டாம்லின்சன் 1971இலேயே கணினிகளுக்கிடையே மின்னஞ்சல் அனுப்பிவிட்டார் என்பதை நினைத்தால் வேறுபாடு விளங்கும். இணையம், வலை என்று தமிழில் இரண்டு சொற்கள் இருந்தும் நாம் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டுவிடுகிறோம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. 1983ஐயே வைத்துக்கொள்கிறேன், 'லாகின்' நிகழ்ச்சி முன்கதையாக இருக்கட்டும்.

பதில் 2:
நல்லது. ஆனால் ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டதாக எழுதிவிடாதீர்கள். குறித்த நாளில் ஆயத்தமாகாத கணினிகளும் இருந்தன. அவை மாறி முடியச் சில மாதங்கள் ஆயின.