இரண்டாவது படத்தில் அணுவைக் காணோம், அவசர உதவி

ஒற்றைஅணு:
லேசர் பொறியில், அதாவது ஒளியைக் குவித்து அணுவைப் பிடித்துவைக்கும் குழியில், அணு விழுகிறது. முதல் படத்தில் புள்ளி பளிச்சென்று தெரிகிறது. அடுத்த படம் எடுத்தால் பாதிக்கு மேல் காலி. இரண்டு நாளாக இதே கதை. இப்படியிருந்தால் குபிட் (குவாண்டம் கணினியின் பிட்) வேலையை எப்போது தொடங்குவது? யாராவது சொல்லுங்கள்.

கேவிட்டி:
என்ன அணு? பொறியின் அலைநீளம், ஆழம்? படத்துக்கு எத்தனை மில்லிவினாடி? ஒன்றுமே சொல்லாவிட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

வெற்றிடவேலு:
வெற்றிடம்தான். மிச்சமிருக்கும் வாயு மூலக்கூறு ஒன்று மோதினால் போதும், அணு குழியிலிருந்து எகிறிவிடும். பம்பைப் பாருங்கள்.

ஒற்றைஅணு:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ருபீடியம் 87. பொறி 850 நானோமீட்டர், ஆழம், வெப்பநிலைக் கணக்கில், ஏறக்குறைய 1 மில்லிகெல்வின். படம் 780 நானோமீட்டர் ஒளியில், 30 மில்லிவினாடி. அப்புறம், 100 குழி வைத்தால் 50 சொச்சம்தான் நிரம்புகிறது. அதுவும் இதே கோளாறா?

பழையலேசர்:
அது கோளாறு இல்லை தம்பி, அரிச்சுவடி. ஒரே குழியில் இரண்டு அணு இருந்தால் குளிர்விக்கும் ஒளியே அவற்றை மோதவிட்டு ஜோடியாக வெளியே தள்ளும். ஒற்றைப்படையாக விழுந்தால் ஒன்று மிஞ்சும், இரட்டைப்படை என்றால் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் பாதி. பிரான்சில் கிரான்ஜியே என்ற இயற்பியலாளரின் குழு 2001-லேயே எழுதியாயிற்று. அணுவைப் பிடிக்கும் முன் கொஞ்சம் படித்திருக்கலாம்.

கேவிட்டி:
படித்தவர் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லலாமே. ஒற்றைஅணு, இரண்டு படங்களுக்கு நடுவே ஒளியை அணைத்துவிட்டு இடைவெளியை மட்டும் நீட்டிப் பாருங்கள். இழப்பு கூடினால் வேலு சொல்வது சரி. கூடாவிட்டால் அணுவை விரட்டுவது படமெடுக்கும் ஒளிதான்.

ஊஞ்சல்:
பொறி லேசரின் செறிவு நடுங்குகிறதா என்றும் பாருங்கள். அணு ஆடும் அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்கில் நடுக்கம் இருந்தால் அணு சூடாகிக்கொண்டே போகும்.

கேவிட்டி:
அதுவும் இருட்டில் நடப்பதுதான். அதே சோதனையில் தெரிந்துவிடும்.

சொல்லாய்வு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வெறும் ‘லேசர் பொறி’ என்றால் எந்தப் பொறி? ஒளிச்சாமணம் என்று எழுதலாமே.

பழையலேசர்:
சாமணம் என்றால் முள் எடுப்பதுதான் நினைவுக்கு வருகிறது. ஒளியிடுக்கி போதும்.

சொல்லாய்வு:
இடுக்கி சூடான பாத்திரத்தை இறக்குவதற்கு. 2018-இல் இதைக் கண்டுபிடித்த ஆஷ்கினுக்கு நோபல் கொடுத்தது பாத்திரம் இறக்கியதற்கா?

பழையலேசர்:
முள் எடுத்ததற்கும் இல்லை.

ஒற்றைஅணு:
இடைவெளியை 1 வினாடி வரை நீட்டினேன். இழப்பு அதே 60 சதவீதம். படத்தின் நேரத்தை 10 மில்லிவினாடியாகக் குறைத்தால் இழப்பும் குறைகிறது. ஆனால் ஃபோட்டான் எண்ணிக்கையின் ஹிஸ்டோகிராமில் அணு இருக்கும் மேடும் இல்லாத மேடும் ஒட்டிக்கொள்கின்றன, அணு இருக்கிறதா இல்லையா என்றே பிரிக்க முடியவில்லை.

வெற்றிடவேலு:
1 வினாடி போதாது, 10 வினாடி வையுங்கள். வெற்றிடம் சரியில்லாமலா அமெரிக்காவின் கால்டெக்கில் 6100 சீசியம் அணுக்களைப் பிடித்தார்கள்?

கேவிட்டி:
வேலு, விடுங்கள். சிதறும் ஒவ்வொரு ஃபோட்டானும் அணுவுக்கு ஒரு சின்ன உதை. அந்தச் சூட்டை அதே ஒளிதான் தணிக்கவும் வேண்டும். அதற்குக் காந்தப்புலம் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். படமெடுக்கும்போது, புலத்தைச் சரிக்கட்டும் ஷிம் காயில்களில் எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது? அணுவை ஏற்றும்போது வைத்த அதே அளவா? இன்னொன்று, 1 மில்லிகெல்வின் குழியில் அணுவின் அடிமட்ட ஆற்றல் நிலை 20 மெகாஹெர்ட்ஸ் போலக் கீழே இறங்கிவிடும். வெளியே இருக்கும் அணுவுக்குப் போட்ட டிட்யூனிங் (லேசர் அதிர்வெண்ணை அணுவின் அதிர்வெண்ணிலிருந்து எவ்வளவு விலக்குவது என்ற) கணக்கு உள்ளே செல்லாது.

ஊஞ்சல்:
எதற்கும் செறிவையும் ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

(மூன்று நாள் கழித்து)

ஒற்றைஅணு:
ஷிம்தான். ஏற்றும்போது வைத்த அளவே ஓடிக்கொண்டிருந்தது. இப்போது 97 சதவீதம் மிஞ்சுகிறது. நன்றி.

வெற்றிடவேலு:
மீதி 3 சதவீதம் வெற்றிடம்.