இளையோர் நாவலுக்கு விமர்சனம்: எழுதினால் கதைச்சுருக்கமாகவே போய்விடுகிறது, என்ன செய்யலாம்?

கொழிஞ்சாம்பாறை வாசகி

எல்லாருக்கும் வணக்கமுங்க. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. இளையோர் நாவல்கள் படித்து, ஒவ்வொன்றுக்கும் 400, 500 சொல்லில் விமர்சனம் எழுதுவது என் பொழுதுபோக்கு. நேரடித் தமிழ் நாவல்களும் படிக்கிறேன், மலையாளத்திலிருந்து வருகிற மொழிபெயர்ப்புகளும் படிக்கிறேன்.

எழுதி முடித்துப் பார்த்தால் முக்கால்வாசி கதைச்சுருக்கம்தான் நிற்கிறது. மிச்சம் "விறுவிறுப்பான நடை", "அனைவரும் படிக்க வேண்டிய நூல்". இதை எப்படி உடைப்பது? இன்னொன்று, யாரை மனதில் வைத்து எழுதுவது? படிக்கப் போகிற பிள்ளையையா, காசு கொடுத்து வாங்குகிற அப்பா அம்மாவையா?

மூன்றாவதுதான் எங்க ஊருக்கே உரிய தலைவலி. இங்கே வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று இருக்கிற பிள்ளைகள் நிறைய. தமிழ் மீடியத்தில் படிக்கிறவர்களும் உண்டு. அட்டையில் "12+" என்று போட்டிருப்பதை நம்பி ஒரே புத்தகத்தை இரண்டு பேருக்கும் கொடுத்தால், ஒருத்தர் ஒரே மூச்சில் முடிக்கிறார், இன்னொருத்தர் பத்துப் பக்கத்தில் மூடிவைக்கிறார். விமர்சனத்தில் மொழி அளவை எப்படிச் சொல்வது? ஸ்டார் போடலாமா வேண்டாமா என்பதையும் சொல்லுங்க.

வண்டிப்பெரியார் டீச்சர்

முதல் கேள்விக்கு. கதைச்சுருக்கம் நீள்வதற்குக் காரணம் எழுத்தில் இல்லை, குறிப்பெடுக்கிற முறையில் இருக்கிறது. படிக்கும்போது "என்ன நடந்தது" என்று குறித்தால், எழுதும்போது கையில் அதுதான் இருக்கும்.

முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாதீர்கள். நின்று யோசிக்க வைத்த பக்கத்தில் ஒரு ஒட்டுத்தாள் மட்டும் போதும். முடித்த அன்றே அந்தப் பக்கங்களுக்கு மட்டும் திரும்பிப் போய், பக்க எண்ணும் ஐந்தாறு சொல்லும் எழுதுங்கள். "பக். 43, அம்மா பேச்சு இயல்பு", "பக். 71, திடீரென்று பிரசங்கம்" என்கிற மாதிரி. இரண்டாவது முறை முழுசாகப் படிக்க வேண்டியதில்லை. முதல் அத்தியாயம், கதை திரும்புகிற அத்தியாயம், கடைசி இரண்டு அத்தியாயம், அவ்வளவுதான். முடித்த சூட்டில் எழுதாமல் இரண்டு நாள் ஆறப்போடுங்கள். முடிவு நன்றாக இருந்தால் நடுவில் இழுத்ததெல்லாம் அன்றைக்கு மறந்துபோயிருக்கும்.

450 சொல்லில் கதைக்கு 100 சொல்லுக்கு மேல் கொடுக்காதீர்கள். எங்கே நிறுத்துவது என்பதற்கு நல்ல எல்லை, நாவலின் முதல் மூன்றில் ஒரு பங்கு. 120 பக்க நாவல் என்றால் 40-ஆம் பக்கத்துக்குப் பிறகு நடப்பது எதுவும் விமர்சனத்தில் வரக்கூடாது. அந்த 100 சொல்லில் நாலு விஷயம் வந்தால் போதும்: யார், எத்தனை வயசு, என்ன வேண்டும், எது தடுக்கிறது. தோழிகளின் பெயர், பக்கத்து வீட்டு நாய், பள்ளிக்கூடத்தின் பெயர் ஒன்றும் வேண்டாம்.

மிச்சம் 350 சொல்லுக்கு இளையோர் நாவலிடம் மட்டுமே கேட்கக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. முக்கியமானது: பிரச்சினையைத் தீர்ப்பது யார்? பதினைந்து வயசுப் பெண் 100 பக்கம் போராடிவிட்டு, கடைசி அத்தியாயத்தில் தலைமையாசிரியர் வந்து எல்லாவற்றையும் சரிசெய்தால் அது சறுக்கல். அதை முடிவை உடைக்காமலே சொல்லலாம்: "கடைசிப் பகுதியில் முடிவெடுக்கும் பொறுப்பு அவள் கையைவிட்டுப் போய்விடுகிறது." அடுத்து, அறிவுரை எங்கிருந்து வருகிறது? பாத்திரம் ஒன்று மூச்சுவிடாமல் அரைப் பக்கம் பேசினால், பேசுவது அநேகமாக ஆசிரியர்தான். பக்க எண்ணோடு எழுதுங்கள். குறை சொன்னாலும் பாராட்டினாலும் ஒரு பக்கத்தைக் கை நீட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் அபிப்பிராயம்.

யாருக்கு எழுதுவது? பிள்ளைக்குத்தான். பெற்றோருக்குக் கடைசியில் மூன்று வரி தனியாகப் போடுங்கள். இரண்டு பேரையும் ஒரே பத்தியில் திருப்திப்படுத்தப் போனால் "நல்ல கருத்துள்ள நூல்" என்றுதான் எழுத வரும். அந்த வாக்கியத்தைப் பார்த்து எந்தப் பதினாலு வயசும் புத்தகத்தைக் கையில் எடுக்காது.

செங்கோட்டைக்காரன்

டீச்சர் சொன்னதோடு உரையாடலைச் சோதிக்கிற வழி ஒன்றைச் சேர்க்கிறேன். நீளமான உரையாடல் உள்ள பக்கத்தை எடுத்து, "என்றாள்", "என்றான்" வருகிற இடங்களைக் கட்டைவிரலால் மறைத்துப் படியுங்கள். யார் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் பாத்திரம் உருவாகியிருக்கிறது. பாட்டியும் பேத்தியும் நண்பனும் ஒரே குரலில் பேசினால் அதை எழுதலாம்.

அடுத்தது கதையின் காலக்கணக்கு. ஒரு தாளில் மாதங்களை வரிசையாக எழுதி, அத்தியாய எண்களைப் பக்கத்தில் போட்டுக்கொண்டே போங்கள். எல்லைப்புறத்தில் நடக்கிற கதைகளில் பெரும்பாலான ஓட்டைகள் இங்கேதான் அகப்படும். தமிழ்நாட்டுப் பள்ளியில் காலாண்டு, அரையாண்டு, முழுஆண்டு. கேரளத்தில் ஓணப் பரீட்சை, கிறிஸ்துமஸ் பரீட்சை, வருடாந்தரப் பரீட்சை. புனலூர்ப் பக்கம் பள்ளிக்கூடம் போகிற பையன் காலாண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்தான் என்றால், ஆசிரியர் அந்தப் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. பஸ் விஷயமும் அப்படியே: தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில் பள்ளிப் பிள்ளைக்கு இலவசப் பாஸ், கேரளத்துத் தனியார் பஸ்ஸில் சலுகைக் கட்டணம். சலுகைப் பிள்ளைகளைக் கண்டக்டர் எப்படி நடத்துகிறார் என்பதிலேயே ஒரு அத்தியாயம் எழுதலாம். அதைத் தவறவிட்ட நாவல் ஊரையே தவறவிட்டதுதான்.

ஆனால் இந்த மாதிரிப் பிழை ஒன்று இரண்டுக்காகப் புத்தகத்தைக் கவிழ்த்துவிடாதீர்கள். கதை அந்தப் பிழைமேல் நின்றால் மட்டும் எழுதுங்கள். பரீட்சைத் தேதியில்தான் திருப்பமே இருக்கிறது என்றால் எழுதத்தான் வேண்டும். வெறும் பின்னணி என்றால் விட்டுவிடலாம்.

மொழிபெயர்ப்பு நாவலுக்கு உங்களிடம் பெரிய வசதி இருக்கிறது, மலையாளம் படிக்கத் தெரியும். மூலம் கிடைத்தால் தொடக்கப் பக்கம், ஒரு நீண்ட உரையாடல், கடைசிப் பக்கம் இந்த மூன்றை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாக்கியங்கள் தொலைந்திருக்கின்றனவா, பிள்ளைகளின் கேலிப்பேச்சு மேடைத்தமிழாக மாறியிருக்கிறதா என்பது அதிலேயே தெரியும். மொழிபெயர்ப்பாளர் பெயரையும் மூலம் வந்த ஆண்டையும் தலைப்பிலேயே போடுங்கள். மூலம் 1980-களில் வந்தது என்றால் கதையில் ஏன் கைப்பேசி இல்லை என்று பிள்ளை கேட்காது.

நகரி நூலகப்பையன்

மூன்றாவது கேள்வி எங்களுக்கும் உள்ளதுதான், மலையாளத்துக்குப் பதில் தெலுங்கு. 'வயது 12+' என்பதை மொழி அளவாக எடுத்துக்கொள்ளாதீங்க. அது பெரும்பாலும் பேசுபொருளை வைத்துப் போடுவது. இன்னொன்று, நம்ம பதிப்பகங்களில் 'சிறார் நாவல்', 'இளையோர் நாவல்' இரண்டையும் கலந்தே போடுகிறார்கள். பொதுவாக 12 முதல் 18 வரை இளையோர் என்று வைத்துக்கொண்டு, முக்கியப் பாத்திரத்தின் வயசைப் பாருங்க. பிள்ளைகள் தன்னைவிட இரண்டு மூன்று வயசு பெரியவர்களைப் பற்றித்தான் படிக்க விரும்புவார்கள். பத்து வயசு நாயகன் இருந்தால், அட்டையில் என்ன இருந்தாலும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தொடமாட்டான்.

மொழிக்கு இந்தச் சோதனை. புத்தகத்தின் தொடக்கம், நடு, கடைசிப் பகுதியிலிருந்து ஒவ்வொரு பக்கம் நகலெடுங்க. 13 வயசுப் பிள்ளை ஒருவரிடம் கொடுத்து, புரியாத சொல்லுக்குக் கீழே பென்சிலால் புள்ளி வைக்கச் சொல்லுங்க. விளக்கம் சொல்லாதீங்க, நேரத்தை அளப்பதாகவும் காட்டிக்கொள்ளாதீங்க. பக்கத்துக்கு இரண்டு புள்ளிவரை என்றால் தனியாகவே படிக்கலாம். மூன்று முதல் ஐந்து என்றால் பக்கத்தில் ஒருத்தர் இருந்தால் நல்லது. ஐந்தைத் தாண்டினால், அந்தப் பிள்ளைக்கு அந்தப் புத்தகம் இப்போதைக்குச் சுமை. தமிழ் மீடியம் ஒருவர், வேற்று மீடியம் ஒருவர் என்று இரண்டு பேரிடமாவது கொடுத்துப் பாருங்க. விமர்சனத்தில் இரண்டையும் தனித்தனியாக எழுதலாம்.

புள்ளி வைக்காமலே தடுக்குகிற இடமும் இருக்கு, அதுதான் பலர் கவனிக்காதது. தெலுங்கிலும் மலையாளத்திலும் க, ச, ட, த, ப வரிசைகளில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து. தமிழில் ஒரே எழுத்தைச் சொல்லில் அது நிற்கிற இடத்தை வைத்துத்தான் ஒலிக்கிறோம். பழகிய சொல்லில் சிக்கல் வராது, காதில் கேட்டதுதானே. கற்பனை உலகக் கதைகளில் ஆசிரியர் இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருப்பார். 'தகாபி' என்று ஒரு அரக்கன் வந்தால் அதை எப்படி வாய்விட்டுச் சொல்வதென்று தெலுங்கிலோ மலையாளத்திலோ படிக்கிற பிள்ளைக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரில் நின்று நின்று போகும். அதனால் கற்பனை நாவலுக்கு விமர்சனம் எழுதும்போது, புதுப்பெயர்கள் முதல் அத்தியாயத்தில் எத்தனை என்று எண்ணிப் போடுங்க. ஏழெட்டுக்கு மேல் போனால் எச்சரிக்கையாகவே எழுதலாம்.

நீளத்தையும் பக்கக் கணக்கில் மட்டும் சொல்லாதீங்க, எழுத்தளவு ஏமாற்றும். படமில்லாத முழுப்பக்கத்தில் ஒரு வரிக்குச் சராசரி எத்தனை சொல், எத்தனை வரி என்று பாருங்க. வரிக்கு 6, பக்கத்துக்கு 28 வரி என்றால் 168 சொல். 112 பக்கத்துக்குப் பெருக்கினால் சுமார் 18,800. படங்களுக்கும் அத்தியாயத் தொடக்க வெற்றிடத்துக்கும் பத்தில் ஒன்று கழித்தால் கிட்டத்தட்ட 17,000. ஆங்கிலத்தில் இந்த வகை நாவல்கள் சாதாரணமாக 50,000 சொல்லுக்கு மேலே போகும். அந்தக் கணக்கை அப்படியே தமிழோடு ஒப்பிடாதீங்க, நம்ம சொல்லில் வேற்றுமை உருபும் ஒட்டிக்கொண்டு வருவதால் எண்ணிக்கை குறைவாகத்தான் காட்டும்.

கொழிஞ்சாம்பாறை வாசகி

ரொம்ப நன்றிங்க. நகரித் தம்பி சொன்ன பெயர்ச் சிக்கல்தான் இங்கேயும் என்று இப்போது புரிகிறது. இன்னும் இரண்டு சந்தேகம். பாலியல் தொந்தரவு, தற்கொலை எண்ணம் மாதிரி விஷயம் வருகிற நாவலில் முன்னெச்சரிக்கை எழுதினால் கதை உடைகிறதே? பதிப்பகத்திலிருந்து இலவசப் பிரதி வந்தால் என்ன செய்வது?

களியக்காவிளை

முன்னெச்சரிக்கையைக் கடைசியில் தனி வரியாகப் போடுங்க அக்கா. என்ன வருகிறது, எவ்வளவு அழுத்தமாக வருகிறது, இந்த இரண்டு மட்டும் போதும். யாருக்கு, யாரால், எந்த இடத்தில் என்பது வேண்டாம். "பாலியல் தொந்தரவு பற்றிய ஒரு காட்சி உண்டு, விவரணை இல்லை" என்றால் கதை உடையாது. அழுத்தத்துக்கு மூன்று படி வைத்துக்கொள்ளலாம்: பேச்சில் வந்துபோகிறது, ஒரு காட்சியாக வருகிறது, கதையே அதுதான். ஸ்டோரிகிராஃப் என்கிற புத்தக வாசிப்புத் தளத்திலும் இப்படி மூன்று படிதான் வைத்திருக்கிறார்கள். தற்கொலை வருகிற நாவலில் எந்த வழியில் என்பதை எக்காரணத்தைக் கொண்டும் எழுதாதீங்க. பிள்ளைகள் பாதுகாப்பு பற்றிய நூலென்றால் கீழே 1098 என்கிற உதவி எண்ணையும் போடுங்க, கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான்.

இலவசப் பிரதி வந்தால் முதல் பத்திக்கு மேலேயே "பதிப்பகம் அனுப்பிய பிரதி" என்று ஒரு வரி. இந்திய விளம்பரத் தர மன்றம் (ASCI) 2021-இல் கொண்டுவந்த வழிகாட்டுதலும் இதைத்தான் கேட்கிறது: இலவசமாகப் பொருள் வந்தால் வாசகருக்குத் தெரிய வேண்டும். அடியில் பொடி எழுத்தில் போடுவது போடாததற்குச் சமம். பிரதி வாங்கும்போதே "பிடிக்காவிட்டாலும் அப்படியே எழுதுவேன்" என்று சொல்லிவிடுங்க. ஒப்புக்கொள்ளாத பதிப்பகத்தின் புத்தகத்தை நீங்களே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

மேற்கோள் எடுக்கலாம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள அனுமதிக்கிறது. மூன்று நாலு வரி போதும். அத்தியாயத்தையே போட்டோ எடுத்துப் போடுவது விமர்சனம் ஆகாது. பென்சில் புள்ளி வைத்த பிள்ளைகளின் கருத்தைச் சேர்த்தால் "13 வயசு, மலையாள மீடியம்" என்பதோடு நிறுத்துங்க. பேர், பள்ளி, போட்டோ வேண்டாம், பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்க.

நூல் விவரம் எழுதும்போது அட்டையைப் பார்க்காமல் உள்ளே பதிப்பு விவரம் இருக்கிற பக்கத்தைப் பாருங்க. நம்மிடம் ஒரே நாவல் பத்து வருஷம் கழித்து வேறு பதிப்பகத்தில் புது அட்டையோடு வரும். முதல் பதிப்பு ஆண்டு, கையில் உள்ள பதிப்பின் ஆண்டு இரண்டும் வேண்டும். ஓவியர் பெயரை விட்டுவிடாதீங்க. ஐ.எஸ்.பி.என். 978-81 அல்லது 978-93 என்று தொடங்கினால் இந்தியப் பதிப்பு.

வண்டிப்பெரியார் டீச்சர்

ஸ்டார் கேள்வியை எல்லாரும் தாண்டிவிட்டீர்கள். என் கருத்து, வேண்டாம். 12 வயசுக்குச் சரியான நாவலும் 17 வயசுக்குச் சரியான நாவலும் ஒரே மூன்றரையில் வந்து நின்றால் என்ன அர்த்தம்?

செங்கோட்டைக்காரன்

எனக்கு ஒப்புதல் இல்லை டீச்சர். நூலகத்தில் புத்தகம் தேர்வு செய்கிறவர் நாற்பது விமர்சனத்தையும் வரிவரியாகப் படிக்கமாட்டார். கதைக்கு ஒன்று, மொழிக்கு ஒன்று என்று பிரித்துப் போட்டால் உங்கள் ஆட்சேபமும் பாதி தீரும். அக்காவுக்கு ஒரு யோசனை: கேரளத்து கிரந்தசாலைகளில், அதாவது ஊர் நூலகங்களில், பாலவேதி என்கிற பிள்ளைகள் குழு இருக்கும். ஜூன் 19 வாசிப்பு தினத்துக்கு அங்கே நிகழ்ச்சி வைப்பார்கள். அதற்கு முன்பே உங்கள் விமர்சனங்களில் தமிழ் நாவல்களாக ஐந்தாறு பொறுக்கி, நூலகக் கமிட்டியிடம் பதிப்பகம், விலை, மொழி அளவு போட்டு ஒரே தாளில் கொடுங்கள். புத்தகம் வாங்கப் போகிற சமயத்தில் அந்தத் தாள் அவர்கள் கையில் இருக்க வேண்டும்.