அப்பச்சிக்கு ஏற்ற கோல்ஃப் பயிற்சியாளர் யார்?

அனைவருக்கும் வணக்கம், காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். மலேசியாவில் இருந்தபோது கோல்ஃப் ஆடிய எங்கள் அப்பச்சி (அப்பா), அறுபது தாண்டிய பிறகு மறுபடி ஆட ஆசைப்படுகிறார். இடுப்பு முன்போல் திரும்பாது. ஏற்கெனவே பார்த்த பயிற்சியாளர் எல்லோருக்கும் ஒரே ஸ்விங்தான் (மட்டையை வீசும் முறை) சொல்லித்தருகிறார், முதுகுவலிதான் மிச்சம்.

அமெரிக்க கோல்ஃப் வீரர் ஜிம் ஃப்யூரிக்கின் ஸ்விங் எந்தப் பாடத்திலும் அடங்காதது. அதை வைத்தே 2003 யூ.எஸ். ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்றார். மட்டை பந்தைச் சந்திக்கும் கணம் சரியாக இருந்தால் போதுமே!

பழைய வலியை முதலில் விசாரிப்பவர், பின்வீச்சை (அடிக்குமுன் மட்டையைப் பின்னால் கொண்டுபோவதை) குறைத்து, முன்கால் குதிகால் எழும்ப விட்டு, பாதத்தைச் சற்று வெளியே திருப்பி நிற்கச் சொல்லிப் பார்ப்பவர் வேண்டும். கொடைக்கானல், கோவை, சென்னை எங்கானாலும் அழைத்துப் போகிறேன். வயதானவர்களுக்குக் கற்றுத்தந்து பழகியவர் யாரையாவது தெரியுமா? முதல் வகுப்பில் என்னென்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.