நோயாளி பதிவுக்குப் புளொக்செயின்: எங்கே இடிக்கும்?

களப்பு_மீன்:
கல்முனை, வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைகளில் இருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு ஆளை மாற்றும்போது ஒரு கடிதமும் கிளினிக் கொப்பியும்தான் கூடப் போகும். கொப்பி தொலைந்தால் ஒவ்வாமைக் குறிப்பும் போச்சு. புளொக்செயின் என்றால் பல கணினிகளில் ஒரே பிரதியாக இருக்கும், எழுதியதை அழிக்க முடியாத பதிவேடு. அதற்கான ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற மென்பொருளில், வைத்தியசாலைக்கு ஒரு நோட் (பிரதியை வைத்திருக்கும் கணினி) என ஒரு மாதிரித் திட்டம் வரைகிறோம். ஸ்கேன் படங்களையும் செயினிலேயே வைக்கலாமா? நடைமுறையில் எது தடுக்கும்?

வாவிக்கரை:
படங்களை வைக்கவே வேண்டாம். ஒரு சிடி ஸ்கேன் நூற்றுக்கணக்கான எம்.பி. வரும், செயினில் எழுதினால் எல்லா நோட்டிலும் பிரதியாகும், பிறகு குறைக்கவும் ஏலாது. படம் வைத்தியசாலை சேர்வரில் கிடக்கட்டும், அதன் எஸ்.எச்.ஏ-256 ஹாஷ் (கோப்பில் இருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறி, கோப்பு மாறினால் இதுவும் மாறும்) மட்டும் செயினுக்குப் போகட்டும். அது 32 பைட்தான். நோயாளி பதிவுக்குப் புளொக்செயின் பாவிக்கும் எஸ்தோனியாவைக் காட்டிப் பேசுவோர் பலர் கவனிப்பதில்லை: அங்கேயும் செயினில் இருப்பது ஹாஷ், நோய் விபரம் இல்லை.

ஹாஷிலும் குழி உண்டு. அடையாள அட்டை இலக்கத்தை அப்படியே ஹாஷ் செய்து நோயாளி இலக்கமாக்காதீர்கள். பழைய இலக்கம் 9 எண்ணும் ஓர் எழுத்தும். ஒரு கிராபிக்ஸ் கார்ட் அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிக்கச் சில வினாடி போதும். இரகசியச் சாவியும் சேர்த்துக் கணக்கிடும் எச்மேக் என்ற ஹாஷைப் போடுங்கள்.

அடுத்தது தமிழுக்கே உரிய தலையிடி. 'கொ' என்பதில் உள்ள கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, பைட்டுகள் வேறு, ஹாஷும் வேறு. யாரும் தொடாத பதிவுக்கு 'மாற்றப்பட்டுள்ளது' என்று எச்சரிக்கை வரும். ஹாஷ் செய்ய முன்னம் எல்லாவற்றையும் என்.எஃப்.சி. என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளை அதற்கும் முதல் யூனிகோடாக்க வேண்டும்.

ஒலுவில்_வெளிச்சவீடு:
நோட்டுக்கு வருவோம். பதிவுகளை வரிசைப்படுத்தும் ஓர்டரர் என்ற நோட்டுகள் ராஃப்டில் (பாதிக்கு மேல் இயங்கினால்தான் எழுதும் முறை) ஓடினால் 3இல் 1 விழலாம், 5இல் 2 விழலாம். அதற்கு மேல் விழுந்தால் புதிதாக எதுவும் எழுதுப்படாது. மாரியில் கரண்டும் இணைப்பும் ஒன்றாகப் போகிற ஊர் இது. வார்ட் கணினியிலேயே பதிவுகளை வரிசையில் தேக்கி, இணைப்பு வந்ததும் அனுப்ப வழி வையுங்கள். தொல்லை வேண்டாம் என்று எல்லா நோட்டையும் கொழும்பில் ஒரே இடத்தில் வைத்தால் அது சாதாரணத் தரவுத்தளம்தான், செலவு மட்டும் கூட.

இன்னொன்று, நோட்டுகளுக்கும் பாவனையாளருக்கும் அடையாளமாக ஃபேப்ரிக் சி.ஏ. என்ற பகுதி தரும் சான்றிதழ்கள் அமைப்பை மாற்றாவிட்டால் ஒரு வருடத்தில் காலாவதியாகும். திட்டம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு வலையமைப்பு திடீரென நிற்பதற்கு இது ஒரு காரணம். புதுப்பிப்பது யார் வேலை என்று இப்போதே எழுதி வையுங்கள்.

தாழங்குடா:
நோயாளியின் போனில் சாவி, அவர் அனுமதித்தால்தான் பதிவு திறக்கும் என்பது கேட்க நல்லா இருக்கும். நடு இரவில் விபத்தில் மயங்கிக் கிடப்பவர் எப்படி அனுமதிப்பார்? போன் தொலைந்தால்? பதிவைக் குறியாக்கிய சாவியை நோயாளியின் பொதுச் சாவியாலும் வைத்தியசாலையின் பொதுச் சாவியாலும் தனித்தனியே பூட்டி வையுங்கள் (பொதுச் சாவி பூட்ட மட்டும், திறக்க அவரவர் இரகசியச் சாவி வேண்டும்). அவசரத்தில் வைத்தியர் காரணம் எழுதித் திறக்கட்டும், யார் எப்போது திறந்தார் என்பது செயினில் பதியட்டும். என் பார்வையில் செயின் உண்மையாக உதவுவது இந்த இடத்தில்தான்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தரவை அழிக்கக் கேட்கும் உரிமை இருக்கிறது. செயினில் அழிக்க முடியாது. ஆளுக்கொரு சாவி வைத்தால் அந்தச் சாவியை அழித்து, பதிவை ஒருவரும் வாசிக்க முடியாமல் செய்து சமாளிக்கலாம். பேக்கப்பில் கிடக்கும் சாவிப் பிரதியையும் மறக்காதீர்கள்.

களப்பு_மீன்:
நன்றி சேர். அப்ப அரச வைத்தியசாலைகள் மட்டும் என்றால் செயின் தேவையா?

வாவிக்கரை:
ஒரே நிருவாகத்தை எல்லாரும் நம்பினால் தேவையில்லை தம்பி. சேர்க்க மட்டும் முடிகிற, கையொப்பமிட்ட பதிவேடு ஒன்றைப் போஸ்ட்கிரெஸ் என்ற சாதாரணத் தரவுத்தளத்தில் வைத்து, நாள் முடிவில் அதன் ஹாஷை மற்ற வைத்தியசாலைகளுக்கு அனுப்பினால் களவாக மாற்றுவது பிடிபடும். தனியார் ஆய்வுகூடமும் காப்புறுதியும் சேரும்போது திரும்ப யோசியுங்கள். முதலில் நோயாளி இலக்கத்தைச் சரிசெய்யுங்கள்: 'முகம்மது' ஆங்கிலத்தில் ஆறு விதமாக எழுதுப்பட்டிருக்கும், ஆறும் ஆறு ஆளாகச் செயினில் ஏறினால் பிறகு ஒருவரும் அழிக்கமாட்டார்கள்.